பாமினியில் கிடந்த பெயர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி குடித்துக்கொண்டே ஆறுதலாக வாசியுங்கள்.

போன மாதம் என்னிடம் முன்னர் படித்த பிள்ளை ஒருவர் வட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் அனுப்பியிருந்தார். இப்போது அவரும் ஒரு டீச்சர். 2004 டிசம்பர் 26இல் அவருக்கு மூன்று வயது. கடல் வந்த அன்று வாப்பாவை இழந்த பிள்ளை. ஊர்ப் பள்ளிவாசல் ஒன்றில் அக்காலத்தில் தட்டச்சுச் செய்து வைத்திருந்த ஷஹீதானவர்களின் பட்டியல் ஒரு பழைய சீடியில் இருந்து கிடைத்ததாம். "சேர், இதத் திறந்தா எல்லாம் இங்கிலீஷ் எழுத்தாத்தான் வருது. வைரஸ் புடிச்சிட்டா?" என்று கேட்டிருந்தார்.

என் போனிலும் அப்படித்தான் வந்தது. பக்கம் பக்கமாக அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக்கள், இடையிடையே அரைப்புள்ளிகள். ஆனால் 2005ஆம் ஆண்டில் கல்முனையில் கணனி பாவித்த யாருக்கும் அதைப் பார்த்தவுடன் விளங்கும். அது வைரஸ் இல்லை, பாமினி.

ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி. இந்த ஐந்தையும் வரிசையாகத் தட்டினால் பாமினியில் "தமிழ்" என்று வரும். த-வுக்கு ஜே, ம-வுக்கு கே, விசிறிக்கு பி, ழ-வுக்கு ஓ, குற்றுக்கு அரைப்புள்ளி. நம் ஊர்களில் கொமினிகேசன் கடை வைத்திருந்தவர்களின் விரல்களுக்கு இது இன்றும் மறந்திருக்காது. கலியாணக் கார்ட், பாடசாலை மலர், ஸ்போட்ஸ் மீட் சான்றிதழ், பள்ளிவாசல் கணக்கறிக்கை எல்லாமே பாமினிதான்.

விடயம் என்னவென்றால், கணனிக்கு அங்கே தமிழ் இருந்ததே தெரியாது. அது சேமித்து வைத்தது ஆங்கில எழுத்தை. ஆங்கில ஜே-யின் உருவம் இருக்க வேண்டிய இடத்தில் த-வின் உருவத்தை வரைந்து வைத்த ஒரு எழுத்துரு, அவ்வளவுதான். அந்த எழுத்துரு உள்ள கணனியில் தமிழ் தெரியும். இல்லாத கணனியில் வேஷம் கலைந்து ஆங்கிலம் வெளியே வரும். கையடக்கத் தொலைபேசி வந்தபோது இந்த வேஷம் மொத்தமாகக் கலைந்தது. ஏனென்றால் போனில் நாம் விரும்பிய எழுத்துருவைப் போட்டுக்கொள்வது கணனியில் போல லேசான காரியம் இல்லை.

இதை வைத்து அந்நாளில் தட்டச்சுச் செய்தவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. அவர்களுக்கு வேறு வழி என்ன இருந்தது?

கொஞ்சம் பின்னால் போவோம். யாழ்ப்பாணம் சுண்டுக்குளியில் பிறந்து, மலாயா - சிங்கப்பூர்ப் பக்கம் தொழில் பார்த்த ஆர். முத்தையா என்பவர்தான் தமிழுக்குத் தட்டச்சுப் பொறியை அமைத்துக் கொடுத்தவர். தமிழ் நெடுங்கணக்கு 247. ஒரு தட்டச்சுப் பொறியில் இத்தனைக்கும் சாவி வைக்க முடியாது. அதனால் கொம்பு, அரவு, விசிறி, குற்று எல்லாவற்றையும் தனித்தனித் துண்டுகளாக உடைத்து, கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிலேயே தட்ட வைத்தார்கள். "கெ" வேண்டுமா, முதலில் கொம்பு, பிறகு க. அந்தப் பழக்கத்தைத்தான் பாமினி கணனிக்குள் கொண்டுவந்தது. அரச அலுவலகங்களில் இருந்த ரெங்கநாதன் விசைப்பலகையும் தட்டச்சுப் பொறி வழி வந்ததுதான்.

இதே காலத்தில் வெளியில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. உலகத்தில் உள்ள எல்லா எழுத்துக்கும் ஆளுக்கொரு நிரந்தர இலக்கம் கொடுக்கும் யுனிகோட் என்ற ஏற்பாடு. 1991இல் வந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. இந்திய அரசு 1988இல் செய்திருந்த ஒரு குறியீட்டு முறையைப் பார்த்து அந்த இடத்தை ஒதுக்கினார்கள். அதில் "கெ" என்பது முதலில் க, பிறகு கொம்பு. நாம் வாயால் சொல்லும் ஒழுங்கு அது. காட்டும்போது கொம்பை முன்னால் தூக்கிப் போட வேண்டியது கணனியின் வேலை. அந்த வேலை தெரியாத கணனியில் கொம்பு க-வுக்குப் பின்னாலேயே நிற்கும், அல்லது புள்ளி வட்டம் ஒன்றின் தோளில் தொங்கும். அந்தப் புள்ளி வட்டத்தை நம்மில் பார்க்காதவர் யார்?

ஆக 1991இலேயே இலக்கம் கிடைத்துவிட்டது. ஆனால் நம் மேசைக்கு வர பதினைந்து, இருபது வருடம் பிடித்தது. இடைப்பட்ட காலத்தில் ஆளுக்கொரு வழி. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு என்ற மென்பொருளைத் தொடங்கியிருந்தார். 1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றினார். 1999 பெப்ரவரியில் சென்னையில் மாநாடு கூடி தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் என்ற குறியீடுகளையும் அறிவித்தார்கள். உலகத் தமிழர் மின்னஞ்சல் குழுக்களில் டிஸ்கி என்ற இன்னொன்று ஓடியது. ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிக்க வேண்டுமென்றால் எந்தக் கட்சி என்று முதலில் கேட்க வேண்டிய நிலை.

இங்கே ஒரு சின்ன முறைப்பாடு. தமிழ்99இல் க, ச, ட, த, ப எல்லாம் விரல் நுனியில் இருக்கும். ஸ, ஷ, ஜ, ஹ நான்குக்கும் ஷிஃப்ட் அழுத்த வேண்டும். மாநாட்டில் இருந்தவர்களுக்கு அவை எப்போதாவது வரும் எழுத்துக்கள். நம் வகுப்பு இடாப்பை எடுத்துப் பாருங்கள். ஹ, ஜ, ஷ, ஸ இல்லாமல் எத்தனை பெயரை எழுதி முடிக்கலாம்? அவர்கள் வேண்டுமென்று செய்ததாக நான் சொல்லவில்லை. அடிக்கடி வரும் எழுத்துக்களைக் கணக்குப் போட்டவர்களின் கையில் நம் இடாப்பு இருக்கவில்லை, அவ்வளவுதான்.

2004, 2005க்கு வருவோம். விண்டோஸ் 2000இலேயே லதா என்ற யுனிகோட் தமிழ் எழுத்துரு வந்துவிட்டது. ஆனால் நம் கடைகளில் ஓடிய எக்ஸ்பீயில் தமிழ் சரியாகத் தெரிய வேண்டுமென்றால் கொன்ட்ரோல் பெனலுக்குள் போய் ஒரு பெட்டியில் சரி போட்டு, விண்டோஸ் சீடியைத் திரும்பப் போட வேண்டும். இது யாருக்குத் தெரியும்? தெரிந்தாலும் சீடிக்கு எங்கே போவது? எனவே யுனிகோட் தமிழ் வந்தால் சதுரப் பெட்டிகள்தான். பாமினி என்றால் உடனே எழுதலாம், உடனே பிரின்ட் எடுக்கலாம். கடல் வந்த பிறகு அம்பாறை மாவட்டம்தான் இலங்கையிலேயே ஆகக் கூடுதலான உயிர்களை இழந்திருந்தது. மையித்துகளை அடக்கி முடியாத அந்த நாட்களில் பட்டியல் தட்டச்சுச் செய்ய உட்கார்ந்தவர், இருபது வருடத்துக்குப் பிறகு ஒரு பிள்ளை போனில் திறந்து பார்க்கும் என்றா நினைத்திருப்பார்?

அந்த நாட்களில் போனில் தமிழ் அறவே இல்லை என்றே சொல்லலாம். "உம்மா உயிரோட இருக்கா, சம்மாந்துறையில" என்பதைக்கூட ஆங்கில எழுத்தில்தான் அனுப்ப வேண்டியிருந்தது. கடல் வந்து மூன்று கிழமைக்குள், 2005 ஜனவரி பொங்கலன்று, சிங்கப்பூரில் முத்து நெடுமாறன் செல்லினம் என்ற செயலியை வெளியிட்டார். போனிலிருந்து தமிழில் குறுஞ்செய்தி அனுப்பலாம். நம் பக்கம் அது பரவலாக வந்து சேர இன்னும் பல வருடம் எடுத்தது.

வந்தபோதும் ஒரு சிக்கல். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றுக்கு 160 எழுத்து இடம். தமிழ் என்றால் 70 மட்டும். அதிலும் கொம்பு, விசிறி, குற்று ஒவ்வொன்றும் தனி எழுத்தாகக் கணக்காகும். "முஹம்மத்" என்று எழுதினால் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, போனுக்கு எட்டு. "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்பதை நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். இடைவெளிகளோடு சரியாக 35. மௌத்து அறிவித்தலில் பாதிக் காசு யார் மௌத் என்று சொல்வதற்கு முன்பே முடிந்துவிடும். நம்மவர்கள் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதப் பழகியதற்கு நாகரிகம் மட்டும் காரணம் இல்லை.

2010 அளவில் போனில் தமிழ்ச் செய்தி வாசிக்க ஒரு தந்திரம் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? ஒபேரா மினியில் முகவரிக் கட்டத்தில் ஒபேரா, முக்காற்புள்ளி, கொன்ஃபிக் என்று அடித்தால் ஒரு பக்கம் திறக்கும். கீழே கடைசியில் சிக்கலான எழுத்துக்களைப் படமாகக் காட்டு என்று ஒரு தெரிவு. அதை "யெஸ்" ஆக்கினால் போதும், பெட்டி எல்லாம் மறைந்து தமிழ் வரும். உண்மையில் அது தமிழ் எழுத்து இல்லை, எங்கோ ஒரு சேவரில் தமிழை வரைந்து படமாக அனுப்பினார்கள். வாசிக்கலாம், கொப்பி எடுக்க முடியாது. நான் இதை ஸ்டாஃப் றூமில் பத்துப் பேருக்காவது செய்து கொடுத்திருப்பேன். 2011 கடைசியில் வந்த ஆண்ட்ராய்ட் 4க்குப் பிறகுதான் இந்த வைத்தியம் மெல்ல மெல்லத் தேவையற்றுப் போனது.

சதுரப் பெட்டிக்கு வெளிநாட்டில் டோஃபு என்று ஒரு செல்லப் பெயர். சோயாக் கட்டி மாதிரி இருப்பதால். கூகுள் வெளியிட்ட எழுத்துருக் குடும்பத்துக்கு நோட்டோ என்று பெயர் வைத்தது "நோ டோஃபு", அதாவது இனிப் பெட்டி வேண்டாம் என்பதைச் சுருக்கித்தான். மியன்மாரில் நம் பாமினி கதை அப்படியே நடந்தது. அங்கே ஸோஜி என்று ஒரு எழுத்துரு, நாடே அதில்தான் எழுதியது. 2019 ஒக்டோபர் 1ஆம் திகதியை நாள் குறித்து அரசாங்கமே யுனிகோடுக்கு மாற்றியது. இங்கே 2003இல் ஐ.சி.டி.ஏ. வந்தது, 2008இல் தமிழுக்கான எஸ்.எல்.எஸ். 1326 தரமும் வந்தது. ஆனால் பாமினியை நிறுத்தும் நாள் என்று ஒன்றை யாரும் குறிக்கவில்லை. இன்றைக்கும் சுற்றறிக்கைகள் பாமினியில் வருகின்றன. பீடிஎஃப் ஆக வருவதால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ஒரு வரியைக் கொப்பி பண்ணி ஒட்டிப் பாருங்கள், மறுபடியும் ஜே, கே, பி, ஓ.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். பாமினியை யுனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. சுரதா யாழ்வாணன் செய்த பொங்குதமிழ் மாற்றியை இலங்கைத் தமிழ் எழுதுவோர் பலருக்கும் தெரியும். ஃபைலில் இருந்ததை எடுத்துப் போட்டேன். ஒரு நொடியில் பெயர்கள் தமிழில் எழுந்து வந்தன. பிள்ளைக்கு அனுப்பிவைத்தேன்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "வாப்பாட பேர் இல்ல சேர்."

தேடிப் பார்த்திருக்கிறார். பெயரை அடித்தால் ஒன்றும் இல்லை என்று வருகிறது. எனக்கு என்ன சொல்வதென்று விளங்கவில்லை. இரவு இஷாவுக்குப் பிறகு உட்கார்ந்து பட்டியலை வரிவரியாகக் கண்ணால் வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அதே பெயர், அதே வீதி.

அந்தப் பெயரில் ஒரு ஔகாரம் உண்டு. நம் ஊர்களில் ஔகாரப் பெயர் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். தௌபீக், ஜௌபர், நௌஷாத், பௌஸியா, மௌஜூத். மௌலவி என்ற சொல்லையே எடுங்கள். பாமினியில் "மௌ" எழுத ஒற்றைக் கொம்பு, ம, பிறகு ள. தட்டச்சுப் பொறி வழி வந்த பழக்கம். கண்ணுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் யுனிகோடில் ஔகாரத்துக்கு வரும் அந்த ள போன்ற உருவமும், பள்ளியில் வரும் ள-வும் இரண்டு வேறு இலக்கங்கள். மாற்றிக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்? அது மெ, ள என்று இரண்டு எழுத்தாக மாற்றிவிட்டது. "மௌலவி", "மெளலவி". இரண்டையும் உங்கள் போனில் பாருங்கள், பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தெரியும். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. மனிதர் பட்டியலில் இருக்கிறார், இயந்திரம் இல்லை என்கிறது.

இதேபோல ர-வும் அரவும். இரண்டும் ஒரே உருவம். ர்-க்குப் பதிலாக அரவுக்கு மேல் குற்று வைத்துத் தட்டிவிடுவார்கள். நம் செய்தித் தளங்களில் "அவர்கள்" என்பது "அவா்கள்" என்று கிடப்பது இதனால்தான். "ஸ்ரீ" இன்னொன்று. 2005இல் ஶ என்ற எழுத்து யுனிகோடில் சேர்ந்தபின் ஸ்ரீ-யை இரண்டு விதமாகச் சேமிக்கலாம் என்றாகிவிட்டது. மர்ஹூம் அஷ்ரஃப் அவர்கள் 1981இல் ஆரம்பித்த கட்சியின் பெயரை முழுமையாக அடித்துத் தேடிப் பாருங்கள், ஒரு விசைப்பலகைக்கு வரும் கட்டுரைகள் இன்னொன்றுக்கு வராமல் போகலாம்.

ஆப் செய்யும் தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு வார்த்தை. நம் பிள்ளைகளில் கொஞ்சப் பேர் ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு இந்தத் தொழிலில்தான் இருக்கிறார்கள். உங்கள் ஆப்பில் "தமிழ்", "வணக்கம்" என்று அடித்துப் பார்த்துவிட்டுச் சரி என்று விடாதீர்கள். மௌலவி, ஸ்ரீ, ஹஜ்ஜுப் பெருநாள், கொழும்பு, ஷூ என்று அடித்துப் பாருங்கள். ஷூ-வின் கால் கீழே வெட்டுப்படுகிறதா? அப்படியானால் வரி உயரம் ஆங்கிலத்துக்கு அளந்தது. "சமர்ப்பிக்கவும்" என்ற சொல் பொத்தானுக்கு வெளியே வழிகிறதா? பெயர் எழுதும் கட்டத்தை விசைப்பலகை மூடிக்கொள்கிறதா? நம் வீட்டு மூத்தம்மாவுக்கு அதை மேலே தள்ளிப் பார்க்கத் தெரியாது, போன் பழுது என்று வைத்துவிடுவா. தமிழ் வரிக்குள் அரபு வந்தால் அடைப்புக்குறி திரும்புகிறதா, முற்றுப்புள்ளி மறுபக்கம் ஓடுகிறதா என்றும் பாருங்கள். தேடும் இடத்தில் ஔகாரம் இரண்டையும் ஒன்றாகக் கொள்ள வையுங்கள். பத்து வரி வேலை.

படமும் அப்படித்தான். கொரோனாவில் 2020 மார்ச்சில் பாடசாலை மூடிய பிறகு பிள்ளைகள் வீட்டு வேலையைப் படமெடுத்து அனுப்பினார்கள். ஒரு ஆப்பில் ஏற்றினால் பாதிப் பக்கங்கள் படுத்துக் கிடக்கும். கழுத்தைச் சரித்தே திருத்தினேன். பிறகுதான் விளங்கியது, போன் படத்தைத் திருப்புவதில்லை, எந்தப் பக்கம் பிடித்து எடுத்தது என்று 1 முதல் 8 வரை ஒரு இலக்கத்தைப் படத்துக்குள் எழுதிவைக்கிறது. அதை வாசிக்காத ஆப், படத்தைச் சரித்துக் காட்டும். பிள்ளைகளுக்கு ஏசியது என் பிழை.

ஜனாஸா அறிவித்தலையும் இப்போது பெரும்பாலும் படமாகத்தான் போடுகிறோம். பெட்டி தெரிந்த காலத்துப் பயம் இன்னும் போகவில்லை போலும். டேட்டா முடிந்தவருக்குப் படம் திறக்காது. கண் தெரியாத சகோதரருக்கு வாசித்துக் காட்டும் செயலியால் அதை வாசிக்க முடியாது. அடுத்த வருடம் தேடினால் அந்தப் பெயர் கிடைக்கவே கிடைக்காது. தயவுசெய்து படத்துக்குக் கீழே பெயர், ஊர், தொழுகை நேரம் மூன்றையும் எழுத்திலும் போடுங்கள்.

நம் முன்னோர் இதற்கு எதிர்ப்பக்கத்தில் நின்றவர்கள். ஓதத் தெரிந்த எழுத்து அரபு, பேசிய மொழி தமிழ். அரபியில் இல்லாத ஒலிகளுக்காக இருந்த எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளி சேர்த்து அரபுத் தமிழை உண்டாக்கினார்கள். கீழக்கரை இமாமுல் அரூஸ் அவர்கள் போன்றோர் அதில் எழுதிய கிதாபுகள் நம் வீடுகளிலும் இருந்தன. என் மூத்தம்மா சரளமாக வாசிப்பா. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். என் பிள்ளைகளுக்கு அதுவும் வராது.

பட்டியலை நானும் அந்தப் பிள்ளையும் இப்போது வரிவரியாகத் திருத்திக்கொண்டிருக்கிறோம். ஔகாரம் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் வாப்பாவின் பெயரைத் தேடினால் இப்போது வருகிறது. சில பெயர்கள் மட்டும் எங்களுக்கு விளங்கவில்லை. தட்டச்சுப் பிழையா, உண்மையாகவே அப்படிப் பெயரா என்று சொல்ல ஊர்ப் பெரியவர்கள்தான் வேண்டும். அந்தப் பெயர்களை இங்கே பகிரங்கமாகப் போட விரும்பவில்லை. கடற்கரை வீதிப் பக்கம் அக்காலத்தில் இருந்தவர்கள், அல்லது பழைய மஹல்லாப் பதிவு வைத்திருப்பவர்கள், இன்பொக்ஸில் வாருங்கள். வீட்டில் பழைய சீடி, ஃப்ளொப்பி, பென் ட்ரைவ் ஏதும் பாமினியில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். அஸருக்குப் பிறகு நான் வீட்டில்தான் இருப்பேன், கொண்டு வாருங்கள். சீடி போடும் கணனி ஒன்று இன்னும் என்னிடம் ஓடுகிறது.